சேன் தெனியிலேர்ந்து அக்காவுக்கு

அன்புள்ள அக்காவுக்கு,

இங்க நாங்க எல்லாரும் சௌக்கியம். குளிர் ஆரம்பிச்சாச்சு, அஞ்சு மணிக்கே இருட்டிடுது, வேலை முடிஞ்சு மெட்ரோ 13ல நசுங்கி வந்து சேர்றதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுது. வீடு மாத்தினேன்னு சொன்னேன்ல, இப்ப பாரிஸுக்கு வடக்க சேன் தெனி. மார்க்கெட்ல வெண்டைக்காய் பச்சமிளகாய்லாம் கிடைக்குது, கவலைப்படாத.

மார்க்கெட்டுக்குப் பக்கத்துலயே பெரிய சர்ச் ஒண்ணு, பிரான்ஸ் ராஜாக்கள்ல முக்காவாசி பேர அங்கதான் அடக்கம் பண்ணாங்க. குளிர்காலத்துல மாசத்தோட முதல் ஞாயிறு டிக்கெட் இல்ல, அதான் போனேன். எல்லாரும் கல்லுல படுத்திருக்காங்க, நடுவுல ஒரு சின்னப் பையன். பார்த்தா நாலஞ்சு வயசு சொல்லலாம், ஆனா அவன் உயிரோட இருந்தது அஞ்சே நாளு! பொறக்கும்போதே ராஜா, பேரு முதலாம் ழான், 1316 நவம்பர்.

சொந்தபந்த பஞ்சாயத்துன்னா நீ சோறு தண்ணி மறந்து கேப்பியே, கேளு. 987ல யூக் கப்பேன்னு ஒருத்தர் ராஜாவானாரு, அதுலேர்ந்து முன்னூறு வருஷத்துக்கு மேல அப்பனுக்கு அப்புறம் மகன், ஒரு தடவ கூட தப்பல. ஆரம்பத்துல எல்லாம் அப்பா இருக்கும்போதே மகனுக்கும் முடிசூட்டிருவாங்களாம், நாளைக்கு யாரும் வாயத் தொறக்கக் கூடாதுன்னு. அப்புறம் பத்தாம் லூயி 1316 ஜூன்ல செத்தாரு, ரெண்டாவது சம்சாரம் முழுகாம இருக்கா, அவளுக்குப் பொறந்தவன்தான் இந்த ழான். அவனும் போனதும் மிச்சம் மூத்த தாரத்துப் பொண்ணு ழன், நாலு வயசு. அவ அம்மா மேல கள்ளத்தொடர்புன்னு 1314லயே குத்தம் சொல்லி கோட்டையில அடைச்சு அங்கயே செத்தும் போயிட்டா, அதனால இந்தக் குழந்தை ராஜாவுக்குப் பொறந்ததான்னே ஊரு பேசுது. சித்தப்பா பிலிப் அதுக்குள்ள ரேம்ஸ் போயி 1317 ஜனவரில முடிசூட்டிக்கிட்டாரு. என்னக் கேட்டா சந்தேகமெல்லாம் சாக்கு, ஆள் கிட்டயே நின்னாரு, எடுத்துக்கிட்டாரு, அவ்ளோதான். (அப்பா வீட்டு விஷயத்துல அண்ணன் கையெழுத்து கேட்டா அவசரப்பட்டு போட்றாத, எனக்கு ஒரு போன் அடி.)

அண்ணன் மகளுக்கு இல்லன்னு சொன்னவருக்கு என்னாச்சு தெரியுமா, மகன் ஒருத்தன் இருந்தான் அவனும் போயிட்டான், மிஞ்சினது பொண்ணுங்கதான். 1322ல அவர் செத்ததும் அதே நியாயம் பேசி தம்பி சார்ல்ஸ் உக்காந்தாரு. அவரும் 1328ல போயிட்டாரு, அவர் சம்சாரமும் அப்ப மாசமா இருக்கா, ஊரே ரெண்டு மாசம் காத்துக்கிட்டு கெடக்கு, பொறந்தது பொண்ணு! தங்கச்சி இசபெல் மகன் எட்வர்டு, இங்கிலாந்து ராஜா, தாய்மாமன் சொத்து எனக்குன்னு கேட்டான். பெரியவங்க அவனுக்கு குடுக்காம சார்ல்ஸோட சித்தப்பா மகன், வலுவாங்கிற குடும்பத்து பிலிப்புக்கு குடுத்துட்டாங்க, அதாவது பங்காளிக்கு. இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் 1337ல ஆரம்பிச்ச சண்டை 1453 வரைக்கும் ஓடிச்சு, அதுக்கு வேற காரணங்களும் இருக்கு, ஆனா எட்வர்டு கையில இந்தப் பத்திரம் இருந்துச்சே.

அந்த ழன் குட்டி சும்மா போகல, 1328ல நவார்ங்கிற ராஜ்யத்துக்கு ராணியாயிட்டா, அவளையும் கடைசில இந்த சேன் தெனியிலதான் அடக்கம் பண்ணாங்க. ஆனா 1793ல புரட்சிக்காரங்க கல்லறைய எல்லாம் தோண்டி எலும்ப குழியில கொட்டிட்டாங்க, யார் எலும்பு யாரோடதுன்னு இப்ப பிரிக்கவே முடியாது.

அம்மாவுக்கு கண்ணு ஆபரேஷன் தேதி சொல்லு, பணம் அனுப்புறேன். ஊறுகாய் அனுப்பினா மூடிய நல்லா டேப் போட்டு ஒட்டு.

உன் தம்பி