உன் பலகையில் ஐந்து எஸ்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. நீ அனுப்பிய படம் கிடைத்தது. நலமென்று ஒரு சொல்கூட இல்லாமல், எழுத்துக் காய்களால் சொல் அடுக்கிய ஒரு ஸ்கிராபிள் பலகையையும், அதன் கீழே ஆட்டங்களின் (ஒவ்வொருவரும் தம் முறையில் காய் இறக்கியதன்) வரிசையையும் மட்டும் அனுப்பியிருந்தாய். இத்தனை காலம் பேசாமல் இருந்துவிட்டு வந்தது இது என்பதால், வேறு யாருக்கோ போக வேண்டியது தவறி நமக்கு வந்துவிட்டது என்றுதான் அம்மா நினைத்தாள். அடியில் பாகைகளை மட்டும் எழுதி, நிமிடங்களுக்கும் தசமங்களுக்கும் வெற்றுக் கோடுகள் விட்டிருந்ததைப் பார்த்ததும், இது நீ எங்கேயோ ஒளித்துவைத்திருக்கும் ஜியோகேச்சிங் (ஒருவர் ஒளித்த பெட்டியை ஜிபிஎஸ் எண்களைக் கொண்டு மற்றவர்கள் தேடும் விளையாட்டு) பெட்டிக்கான புதிர் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அண்ணன் சொன்ன செய்தியைப் பற்றி இந்தக் கடிதத்தில் எதுவும் எழுதப்போவதில்லை. புதிரைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

பெருமையாகத்தான் இருக்கிறது. ஸ்கிராபிளை வைத்துப் புதிர் செய்ய வருகிறவர்கள் முதலில் ஓர் இலக்கத்துக்கு ஒரு காய் என்றுதான் தொடங்குவார்கள், பாதியில் மாட்டிக்கொள்வார்கள். ஏனென்றால் ஆங்கிலக் காய்களில் 1, 2, 3, 4, 5, 8, 10 என்ற மதிப்புகள் உண்டு, எழுத்தில்லாத வெற்றுக் காய்க்குப் பூஜ்யம் உண்டு, ஆனால் 6, 7, 9 மதிப்புள்ள காய் ஒன்றுகூடக் கிடையாது. நீ அதில் விழாமல், ஒவ்வோர் ஆட்டத்தின் மொத்தப் புள்ளியில் கடைசி இலக்கத்தை எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறாய். ஏழு காய்களையும் ஒரே முறையில் இறக்கினால் கிடைக்கும் 50 புள்ளியை யாராவது கூட்ட மறந்தாலும் கடைசி இலக்கம் மாறாது என்பதை யோசித்துத்தான் அப்படிச் செய்தாயா? யோசித்தே செய்திருப்பாய் என்று அம்மாவிடம் சொன்னேன்.

ஆட்டங்களை வரிசையாக எழுதியதும் சரியே. 225 கட்டங்களில், புள்ளியை இரண்டு மூன்று மடங்காக்கும் எந்தச் சிறப்புக் கட்டமானாலும் அதன் மேல் புதிதாகக் காய் வைக்கிற முறைக்கு மட்டும்தான் பலன் தரும், பிறகு அந்த எழுத்தைத் தொட்டுச் சொல் அமைக்கிறவருக்கு வெறும் முகமதிப்புதான் கிடைக்கும் என்பதால், எது முன்னால் வந்தது என்று தெரியாமல் முடிந்த பலகையை எவராலும் கணக்கிட முடியாது. சொல் தொடங்கும் கட்டத்தை, எட்டாம் வரிசையில் குறுக்காகப் போவதற்கு வரிசை எண்ணை முன்னே போட்டும், கீழ்நோக்கி வருவதற்கு நெடுவரிசை எழுத்தை முன்னே போட்டும் ஒழுங்காகக் குறித்திருக்கிறாய். இவ்வளவு ஒழுங்காக எழுதத் தெரிந்தவளுக்கு வீட்டுக்கு நான்கு வரி எழுதத் தெரியாமல் போனது எப்படி என்று அம்மா கேட்கிறாள். அவள் கேட்டதை எழுதினேன், அவ்வளவுதான்.

படத்தின் மூலையில் 'கடினம் 3, நிலம் 4' என்று போட்டிருக்கிறாய். கடினம் புதிருக்கு, அது சரி. நிலத்துக்கு நான்கு என்றால் ஏற்றமும் இறக்கமும் நிறைந்த கரடுமுரடான வழி; ஐந்து என்றால் கயிறோ படகோ இல்லாமல் போக முடியாது, அதற்கு ஒருபடிதான் கீழே. அந்த இடத்தில் பெட்டியை வைக்க நீ யாருடன் போனாய்? வைத்ததோடு முடிகிற வேலையும் இல்லை. பெட்டி நனைந்தாலோ, உள்ளே இருக்கும் கையெழுத்துப் புத்தகம் நிறைந்துவிட்டாலோ, வைத்தவரேதான் போய்ச் சரிசெய்ய வேண்டும் என்பது அந்த விளையாட்டின் விதி. ஆகவே நீ திரும்பத் திரும்ப அங்கே போவாய். தனியாகப் போகாதே, அம்மா.

ஸ்கிராபிளை உருவாக்கிய ஆல்பிரட் பட்ஸைப் பற்றி உனக்குச் சிறுவயதில் சொல்லியிருக்கிறேன், ஆனால் ஒரு பகுதியைச் சொன்னதில்லை. அவர் கட்டடக் கலைஞர். 1930களின் பொருளாதார மந்தத்தில் வேலை இழந்தவர். வேலை இல்லாத அந்தக் காலத்தில்தான் செய்தித்தாளின் பக்கங்களில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று உட்கார்ந்து எண்ணி, அதற்கேற்ப ஈ எழுத்துக்குப் பன்னிரண்டு காய், கியூவுக்கு ஒன்று என்று வகுத்தார். அதைக் கொண்டுபோய்க் காட்டியபோது விளையாட்டுப் பொருள் செய்கிற நிறுவனங்கள் எல்லாம் வேண்டாமென்றன. 1948இல் ஜேம்ஸ் புருனோ என்பவர் எடுத்து நடத்தத் தொடங்கிய பிறகே அதற்கு இப்போதுள்ள பெயர் வந்தது. இடையில் அத்தனை வருடங்கள் அவர் வெட்கப்பட்டு யாரிடமிருந்தும் ஒளிந்துகொள்ளவில்லை, அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டு வைத்து ஆடிக்கொண்டிருந்தார். இதை ஏன் எழுதுகிறேன் என்று உனக்குப் புரியும். புரியவில்லையென்றால் விட்டுவிடு.

இப்போது உன் புதிரில் எனக்குள்ள சிக்கலுக்கு வருகிறேன். பட்ஸ் எஸ் எழுத்துக்கு நான்கு காய்கள்தான் வைத்தார். பன்மைக்காக எல்லோரும் அதை வால்போல ஒட்டிக்கொண்டே போய்விடுவார்கள் என்பதால் வேண்டுமென்றே குறைத்தார் என்பார்கள். உன் பலகையில் எஸ் ஐந்து இருக்கிறது. இரண்டு வெற்றுக் காய்களில் ஒன்றை நீயே வட்டமிட்டுக் காட்டிவிட்டாய். மற்றதுதான் அந்த ஐந்தில் ஒன்றாக உட்கார்ந்திருக்கிறது, எது என்று நாங்களாகக் கண்டுபிடிக்க வேண்டும். நல்ல வேலை. காய்களின் மேல் புள்ளிகளை வரையாமல் விட்டதற்குக் காரணமும் அப்போதுதான் விளங்கியது.

எஸ்ஸுக்கு ஒரு புள்ளி, வெற்றுக் காய் என்றால் அந்த ஒன்று குறையும் என்று வைத்து, ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்தேன். அட்சரேகை நிமிடத்தின் பத்துகள் இடத்தைத் தரும் ஆட்டத்தில் இருக்கும் எஸ் வெற்றுக் காய் என்றால் பூஜ்யம் ஒன்பதாகிவிடும். நிமிடம் அறுபதை எட்டாது, ஆகவே அது இல்லை. ஒன்றுகள் இடத்துக்கான ஆட்டத்தில் உள்ளது இரட்டைச் சொல் கட்டத்தில் விழுவதால் இரண்டு குறைகிறது. இரண்டு நிமிடம் என்றால் 3.7 கிலோமீட்டர் தள்ளிப்போகும், புதிர்ப் பெட்டியோ வரைபடத்தில் நீ போலியாகக் காட்டியிருக்கும் பொய்ப்புள்ளியிலிருந்து ஏறத்தாழ 3.2 கிலோமீட்டருக்குள்தான் இருக்க வேண்டும், குறைத்தால் அந்த எல்லையைத் தாண்டிவிடுகிறது, ஆகவே அதுவும் இல்லை. மூன்றாவது எஸ் எந்த இலக்கத்துக்கும் உதவாத ஆட்டத்தில் இருக்கிறது. நான்காவது மூன்றாம் தசமத்தைத் தொடுகிறது. அங்கே ஒன்று பிசகினால் இரண்டு மீட்டர்கூட நகராது, தேடுகிறவர் கண்ணால் பார்த்துக்கொள்வார். இந்த இரண்டும் உன் ஆட்டங்கள்.

ஐந்தாவதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. அது எதிரில் ஆடியவரின் ஆறாவது ஆட்டத்தில், அட்சரேகையின் முதல் தசமத்தில் இருக்கிறது. அந்தக் காய் உண்மையான எஸ் என்றால் இலக்கம் 4, வெற்றுக் காய் என்றால் 3. அந்த ஒன்றுக்கு 185 மீட்டர் வித்தியாசம். வரைபடத்தில் இரண்டையும் குறித்துப் பார்த்தேன். ஒன்று ஆற்றுக்கு இந்தப் பக்கம் நடைபாதையை ஒட்டி விழுகிறது, மற்றது ஆற்றைத் தாண்டிப் பாறைச் சரிவில். 2000 மே மாதத் தொடக்கத்தில் அமெரிக்க அரசு ஜிபிஎஸ் சைகையில் வேண்டுமென்றே கலந்துவைத்திருந்த பிழையை நீக்கியதும், மே 3 அன்று ஆரிகனில் டேவ் உல்மர் ஒரு வாளியை ஒளித்துவைத்து அதன் இடத்தை அறிவித்தார், இந்த விளையாட்டே அதிலிருந்துதான் பிறந்தது. நூறு மீட்டர் தடுமாற்றம் போய்விட்டது என்ற நம்பிக்கையில் பிறந்த விளையாட்டில், ஒரு காயால் ஆளை ஆற்றுக்கு அந்தப் பக்கம் அனுப்பிவிடலாம் என்பது விந்தைதான். நிலம் நான்கு என்று நீ போட்டிருப்பதால் அது சரிவாகத்தான் இருக்கும் என்று மனம் சொல்கிறது. மழைக்காலத்தில் அங்கே போகாதே. போனாலும் தனியாகப் போகாதே. எங்கே போகிறாய், எப்போது திரும்புவாய் என்று ஒருவரிடமாவது சொல்லிவிட்டுப் போ.

அந்தப் பலகை புதிருக்காக ஒருத்தியே உட்கார்ந்து அடுக்கியது இல்லை என்பதும் எனக்குத் தெரிகிறது. முதல் ஆட்டம் உன்னுடையது, சந்தேகமே இல்லை. கியூவும் இசட்டும் சேர்ந்து வந்தவுடனே 'குவிஸ்' என்று இறக்கி, நடுக்கட்டம் இருபத்திரண்டை இரட்டிக்க 44 எடுத்துவிட்டாய். பெரிய எழுத்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கும் பொறுமை உனக்கு எப்போதுமே கிடையாது. எதிரில் இருந்தவர் வேறு மாதிரி. கிடைக்கிற புள்ளியை விட்டுவிட்டுப் பலகையை விரித்துக்கொண்டே போகிறார். மூன்று மடங்குச் சொல் கட்டங்கள் மொத்தம் எட்டுதான், அவற்றில் இரண்டின் வாசலைத் தாமே திறந்து உனக்கு விட்டிருக்கிறார், நீயும் தயங்காமல் போய் உட்கார்ந்திருக்கிறாய். ஆட்டம் தெரியாதவர் என்றும் சொல்வதற்கில்லை. ஏழு காய்களையும் ஒரேயடியாக இறக்கியவரும் அவரே. அவர் யார் என்று நான் கேட்கவில்லை. நீ மாலை நேரங்களில் ஒருவருடன் உட்கார்ந்து ஓர் ஆட்டத்தை முழுதாக ஆடி முடிக்கிறாய் என்பதை அம்மாவிடம் சொன்னேன். அவள் படத்தை வாங்கி நெடுநேரம் பார்த்தாள்; அவளுக்கு இந்த ஆட்டம் தெரியாது.

விடையைச் சரிபார்க்கும் கட்டம் ஒன்று இருக்கிறது, இரண்டு எண்களையும் அதில் போட்டால் எது சரி என்று நொடியில் சொல்லிவிடும் என்று அண்ணன் சொன்னான். நான் போடவில்லை. ஆறாவது ஆட்டத்தில் அந்த வெற்றுக் காய் யார் கையில் இருந்தது என்பது உங்கள் இருவருக்கும்தான் தெரியும், ஆகவே நீயே எழுது: மூன்றா, நான்கா? பெட்டியைப் பார்க்க அடுத்த முறை போகும்போது அவரையும் அழைத்துக்கொண்டு போ. மூன்று மடங்குக் கட்டத்தை உனக்கு இப்படித் திறந்துவிடக் கூடாது என்று நான் சொன்னதாக அவரிடம் சொல்.

அன்புடன்,
அப்பா