சார்ஜன் அண்ணாவுக்கு, அந்தக் கூட்டக் குறிப்பைப் பற்றி

சார்ஜன் அண்ணா,

நீங்கள் மாற்றலாகிப் போய் இந்த மாதத்தோடு ஒரு வருடம். பொலிஸும் ஊராரும் சேர்ந்த சிவில் பாதுகாப்புக் குழுவின் செயலாளர் பொறுப்பை விடுகிறேன் என்று கிராம அலுவலரிடம் கடிதம் கொடுத்துவிட்டேன். காரணம் 'தனிப்பட்டது' என்று எழுதினேன். அது பொய். உங்களுக்காவது மெய்யைச் சொல்ல வேண்டும். தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பீர்கள், ஆறுதலாக வாசியுங்கள்.

இதைத் திருகோணமலையில் எங்கள் ஆட்களும் வாசிப்பார்கள், உங்கள் பொலிஸ் திணைக்களத்திலும் யாராவது வாசிப்பார்கள். அதனால் ஒழுங்கை, வீடு, ஆள் ஒன்றும் இதில் வராது.

எஞ்சின் களவுபோன அந்த இரவுதான் திரும்பத் திரும்ப வருகிறது. மாரி தொடங்கி, வள்ளங்களைக் கரையில் மேலே இழுத்துவிட்ட நாட்கள். கரையில் ஆள் நடமாட்டம் குறைந்ததும் களவு தொடங்கும் என்று நீங்கள் முதலே சொல்லியிருந்தீர்கள். எஞ்சினைப் பறிகொடுத்த பெரியவருக்குக் கையெழுத்து மட்டும்தான் வரும். உங்களுக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 109ஆம் பிரிவை அன்றைக்குத்தான் எனக்கு விளங்கப்படுத்தினீர்கள். வாயால் சொல்லும் முறைப்பாட்டைச் சொன்ன மொழியிலேயே எழுத வேண்டும். எழுத முடியாவிட்டால் சொல்பவரையே தன் மொழியில் எழுதித்தரக் கேட்க வேண்டும். அவராலும் முடியாவிட்டால், அந்தக் காரணத்தைக் குறித்துவிட்டு ஒரு தேசிய மொழியில் எழுதி, அவருக்கு விளங்கும் மொழியில் திருப்பிச் சொல்ல வேண்டும்.

நீங்கள் சிங்களத்தில் எழுதி முடித்தீர்கள். ஆனால் கையெழுத்து வைக்கப் பேனையை உடனே கொடுக்கவில்லை. "அப்பா, நான் சொல்லுறன், பிழை எண்டா நிப்பாட்டுங்க" என்று உடைந்த தமிழில் வரிவரியாகச் சொன்னீர்கள். மூன்றாவது வரியில் அவர் கையைத் தூக்கினார். எஞ்சின் 25 குதிரைவலு இல்லை, 15. வெட்டி, பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்து, திரும்பவும் முதலிலிருந்து. இரண்டாம் தரம் கேட்கும்போதுதான், வாங்கிய ரசீது வீட்டில் தகரப்பெட்டிக்குள் இருப்பது அவருக்கு நினைவு வந்தது. வள்ளத்தில் எஞ்சினைக் கவ்வும் பிடியில் இருக்கிற தகட்டு இலக்கம் அந்த ரசீதிலும் இருக்கும். யமஹா 15 குதிரை என்று மட்டும் எழுதியிருந்தால் பாதிக் கரையின் எஞ்சினும் அதுதான். கள்ளன் முதலில் உரிப்பது அந்தத் தகட்டை. அதற்காகத்தான் மேல்மூடிக்கு உள்ளே சொந்த அடையாளம் ஒன்று வெட்டி வைக்கச் சொல்லி மீன்வாடி மீன்வாடியாகத் திரிந்தீர்கள்.

உங்களிடம் கற்றது கொஞ்சமில்லை. ஒரே நேரத்துக்கு ரோந்து போகாதே. சந்தியிலேயே மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு நட. எரியாத வீதி விளக்கைக் கம்பத்தின் இலக்கத்தோடு சபைக்கு எழுது, 'சந்திக்குப் பக்கத்தில்' என்று எழுதினால் ஒருவரும் வரமாட்டார்கள். இரவில் கேற்று ஆடுகிறது என்று போன் வந்தால் சிரிக்காதே, பத்தில் எட்டுத்தரம் ஊருக்குள் திரியும் மான்தான், ஆனாலும் போய்ப் பார். வேலிச் சண்டை என்றால் வேலிக்கு நட்ட கதியால் தடியைப் பார், வெட்டுவாய் ஈரமா காய்ந்ததா என்று. காணிப் பிணக்கு முதனிலை நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவில் நீதிமன்றம் போனால் உறுதி யாருடையது என்று அங்கே தீர்க்கமாட்டார்கள். இருந்தவர் யார், முந்திய 2 மாதத்துக்குள் பலவந்தமாக வெளியேற்றப்பட்டாரா என்றுதான் பார்ப்பார்கள். பச்சைக் கதியால் பேசும் என்பீர்கள்.

எல்லாவற்றையும் எழுது மல்லி, எழுதாதது நடக்காதது. தம்பி என்பதை உங்கள் சிங்களத்தில் 'மல்லி' என்று கூப்பிட்டு, அதையும் நீங்கள்தான் சொன்னீர்கள்.

எழுதினேன். விடியற்புறம் ஓட்டோவில் எஞ்சின் ஏற்றியதைக் கண்ட அக்கா, தன் பெயர் வரக்கூடாது என்று உங்களிடம் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் வாய் திறந்தா. அடுத்த கூட்டக் குறிப்பில் நான் அவவின் பெயரை எழுதவில்லை. ஆனால் ஒரு வீட்டை மட்டுமே காட்டும் மூன்று சொல் எழுதினேன். குறிப்பு மூன்று பிரதி, அதில் ஒன்றை யாரோ படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போட்டார்கள். மூன்றாம் நாள் அவவின் கேற்றில் சாணி. 'காட்டிக்கொடுத்தவள்'. எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லுக்கு என்ன எடை என்று நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

வாயை விட்டது சார்ஜன்தான் என்று எல்லாரும் முடிவுகட்டினார்கள். நான் அருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு உங்களுக்கு மாற்றம் வந்தது. வழமையான மாற்றம் என்கிறார்கள். நானும் அப்படியே எழுதி வைக்கிறேன்.

மன்னியுங்கள் அண்ணா. ஆனால் ஒன்று கேட்கிறேன். உங்கள் சட்டைப்பை நோட்டில் ஆளுக்குப் பதிலாக ஒற்றை எழுத்துத்தான் இருக்கும், அதை நான் பார்த்திருக்கிறேன். அந்த வித்தையை ஏன் எனக்குச் சொல்லித்தரவில்லை? எழுது எழுது என்றவருக்கு, எதை எழுதக்கூடாது என்று சொல்ல ஒரு நிமிடம் கிடைக்கவில்லையா? குறிப்பின் பிரதி உங்கள் மேசைக்கும் வந்தது. என் கையெழுத்து உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் ஒரு சொல் பேசாமல் பெட்டியைக் கட்டினீர்கள். அது பெருந்தன்மை என்று நினைத்திருப்பீர்கள். எனக்கு அது ஒரு வருடத் தண்டனை. இரண்டு தரம் போன் எடுத்தேன், நீங்கள் எடுக்கவில்லை.

சம்பலுக்குப் பாணைக் கிள்ளி வைத்துக்கொண்டு, 'ழ' சொல்லிப் பழகியவரிடம் இப்படிக் கோபிக்கவும் வெட்கமாக இருக்கிறது.

புதிய செயலாளருக்குச் சொல்லிவிட்டேன். 'குழுவுக்குத் தகவல் கிடைத்தது' என்பதோடு நிறுத்து. நேரமும் பொருளும் போதும், திசை வேண்டாம். பிரதியை எவரும் படம் எடுக்க விடாதே. எழுதியதை முதலில் சொன்னவருக்கு வாசித்துக் காட்டு.

நேற்றுப் பின்னேரம் அக்காவிடம் போனேன், குறிப்புப் புத்தகத்தோடு. எழுதியது நான் என்று சொன்னேன். அவ ஒன்றும் சொல்லாமல் தேங்காயைத் துருவி முடித்தா. பிறகு, "வாசியும், என்ன எழுதினனீர் எண்டு கேப்பம்" என்றா. வாசித்தேன். அந்த மூன்று சொல் வந்த இடத்தில் அவ திருவலையைப் பார்த்துக்கொண்டிருந்தா. முடிந்ததும், "நேரம் பிழை. 4 மணி இல்லை, 3" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குசினிக்குள் போயிட்டா.

அந்தப் பக்கத்தைக் கிழிக்கவில்லை, கிழித்தால் பக்க இலக்கம் இடிக்கும். 4ஐ வெட்டி, பக்கத்தில் 3 எழுதிச் சுருக்கொப்பம் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை புத்தகத்தைக் கையளிக்கிறேன்.

உங்கள் மல்லி