சூ லுக்அவுட்டுக்குப் போவதா என்று கேட்ட தங்கச்சிக்கு

அன்புள்ள தங்கச்சி,

உன் செய்தியை இரவு வேலை முடிந்து வந்து வாசித்தேன். வடமேற்கு ஒன்ராறியோவில் உள்ள சூ லுக்அவுட் என்ற சின்ன நகரத்து ஆஸ்பத்திரியில் முழுநேரத் தாதி வேலை கிடைக்கும் போல இருக்கிறது, படிப்புக் கடனிலும் ஒரு பகுதி தள்ளுபடியாகும், போவதா விடுவதா என்று கேட்டிருக்கிறாய். சித்தி அழுகிறா என்றும் எழுதியிருக்கிறாய். ஃபோனில் கதைத்தால் பாதி விட்டுப்போகும். இதே கேள்வியோடு ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இன்னும் பல பிள்ளைகள் இருப்பார்கள், அதனால் எல்லோரும் வாசிக்கட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

போ என்றுதான் சொல்வேன். ஆனால் நீ எழுதிய காரணத்துக்காக மட்டும் போகாதே.

அந்தக் காரணம் எனக்குத் தெரியும், நானும் அதற்காகத்தான் வந்தேன். கொலிச்சில் இரண்டு வருடம் படித்து, சோதனை எழுதி, பதிவு எடுத்த பிறகும் ஸ்காபரோவில் எனக்குக் கிடைத்தது கூப்பிட்டால் ஓடும் வேலை. ஒரு முதியோர் இல்லம் மூன்று வருடமாக "அடுத்த மாதம் நிரந்தரம்" என்றே சொல்லிக்கொண்டிருந்தது. காலை ஐந்து மணிக்கு ஃபோன் அடிக்கும், எடுக்காவிட்டால் அடுத்த வாரம் அடிக்காது. இங்கே நெடுஞ்சாலை 17 ஓரத்தில் உள்ள இந்தச் சின்ன ஊரில் முதல் நாளிலிருந்தே முழுநேரம். கடன் விஷயமும் உண்மைதான். சின்ன ஊர்களில் வேலை செய்யும் தாதியருக்குக் கனடா மாணவர் கடனில் ஐந்து வருடத்தில் 30,000 டொலர் வரை தள்ளுபடி உண்டு. எங்களைப் போல இரண்டு வருடம் படித்த பிராக்டிகல் நேர்ஸ்மாருக்கும் அது பொருந்தும். ஊர் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று கையெழுத்துப் போட முதலே பார்த்துக்கொள்.

இன்னொன்று. ஒன்ராறியோவில் நாங்கள் ஆர்பிஎன், அதாவது பதிவுபெற்ற பிராக்டிகல் நேர்ஸ். மேற்கே கெனோரா நகரத்தைத் தாண்டிப் பக்கத்து மாகாணமான மனிடோபாவுக்குள் போனால் எங்கள் வேலைக்குப் பெயர் எல்பிஎன், அங்கே ஆர்பிஎன் என்றால் மனநலத் தாதி. பிறகு அந்தப் பக்கம் போக நினைத்தால் அந்த மாகாணத்தில் தனியாகப் பதிவு எடுக்க வேண்டும்.

சரி, வேலைக்கு வருகிறேன். முதியோர் இல்லத்தில் ஒரு ஷிஃப்ட் முழுக்க மருந்து வண்டியைத் தள்ளியே போய்விடும். இங்கே ஒரே நாளில் காயத்துக்குக் கட்டுப் போடுவாய், சத்திரசிகிச்சை முடிந்து வந்தவரை எழுப்பி நடக்க வைப்பாய், சாகப்போகிற ஒருவரின் கையைப் பிடித்துக்கொண்டு இருப்பாய். கை நன்றாகப் பழகும். பயமும் அங்கேதான் இருக்கிறது. இரவில் ஆட்கள் குறைவு. நிலையாக இருந்த நோயாளியின் நிலைமை திடீரென்று மோசமானால் அது எங்கள் எல்லைக்குள் அடங்காது, எங்களை விடக் கூடப் படித்த ஆர்என் தாதியிடம் ஒப்படைக்க வேண்டும். "நீ கெட்டிக்காரி, கொஞ்சம் பார்த்துக்கொள்" என்று அன்பாகத்தான் கேட்பார்கள். அப்போதும் மாட்டேன் என்று சொல்லப் பழகு. நேர்முகத்திலேயே கேள்: இரவில் என்னோடு எத்தனை ஆர்என்? வைத்தியர் கட்டடத்துக்குள் இருப்பாரா, வீட்டிலிருந்து வருவாரா? இதைக் கேட்டால் கோபிக்கிற இடம் உனக்கு வேண்டாம்.

இனி நீ எழுதாத விஷயம். சூ லுக்அவுட்டுக்கு வடக்கே உள்ள பூர்வகுடி ஊர்கள் பலவற்றுக்கு வருடம் முழுக்கப் போகக்கூடிய வீதி கிடையாது. பனிக்காலத்தில் உறைந்த ஏரிகளுக்கு மேலால் ஒரு பாதை போடுவார்கள், மற்ற நாட்களில் விமானம்தான். பிள்ளை பெறுவதற்குக்கூட வாரக்கணக்கில் முன்னதாகவே ஊரை விட்டு வந்து காத்திருக்கிறார்கள். முன்பு சூ லுக்அவுட்டில் பூர்வகுடி மக்களுக்கு ஒரு ஆஸ்பத்திரி, மற்றவர்களுக்கு வேறொன்று. 1988இல் சாண்டி லேக் என்ற வடக்குப் பூர்வகுடி ஊரிலிருந்து வந்த ஐந்து ஆண்கள் தங்கள் மக்களுக்கான அந்த ஆஸ்பத்திரியிலேயே உண்ணாவிரதம் இருந்தார்கள். தங்கள் சனத்துக்கு ஒழுங்கான வைத்தியம் வேண்டும், அதில் தங்கள் சொல்லும் எடுபட வேண்டும் என்பதற்காக. உண்ணாவிரதம் என்றால் என்ன என்று எங்கள் வீடுகளில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. இப்போது நீ போகப்போகும் ஆஸ்பத்திரியான மெனோ யா வின், அந்த இரண்டு ஆஸ்பத்திரிகளும் ஒன்றாகி, 2010இல் புதுக் கட்டடத்துக்கு வந்தது. அங்கே மொழிபெயர்ப்பாளர்கள் இருக்கிறார்கள். நோயாளிகளுக்கு அவர்களுடைய காட்டு இறைச்சியும் மீனும் சமைத்துக் கொடுக்கிறார்கள்.

அம்மம்மா ஸ்காபரோவில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது உனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். இரவில் நாங்கள் யாரும் பக்கத்தில் இல்லாத நேரம் அவ தண்ணீர் கேட்டிருக்கிறா, அது ஒருவருக்கும் விளங்கவில்லை. காலையில் போனபோது உதடு காய்ந்து வெடித்திருந்தது, ஞாபகம் இருக்கிறதா? இங்கே என்னுடைய வார்டிலும் அப்படி முகங்களைப் பார்க்கிறேன். ஓஜிப்வே என்ற பூர்வகுடி மொழி மட்டும் தெரிந்த ஒரு தாத்தா, விமானத்தில் தனியாகக் கொண்டுவரப்பட்டவர், இரண்டு நாள் சுவரையே பார்த்துக்கொண்டு கிடந்தார். மூன்றாம் நாள் தேத்தண்ணியைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் சும்மா இருந்தேன். குடித்து முடித்து "மீக்வெச்" என்றார். நன்றி என்று அர்த்தம். நான் கற்றுக்கொண்ட முதல் சொல் அது. நீ இந்தக் காரணத்துக்காகவும் போக வேண்டும். வருடத்தைக் கணக்குப் பார்த்துத் திரும்பி ஓடுகிற தாதிகளை அந்த மக்கள் நிறையப் பார்த்துவிட்டார்கள். இரண்டு வருடமாவது நிற்க மனமில்லை என்றால் போகாதே.

குளிரைப் பற்றிச் சித்தி பயப்படுவது நியாயம். மைனஸ் முப்பது, நாற்பது என்று போகும். இரவில் காரின் எஞ்சினுக்குச் சூடு கொடுக்க வயரைக் கொண்டுபோய்ச் செருக வேண்டும். ரொறன்ரோவிலிருந்து 1,700 கிலோமீட்டருக்கு மேல், காரில் இரண்டு நாள் பயணம். சுப்பீரியர் ஏரிக்கரையில் பொழுதுபட்ட பிறகு ஓடாதே, மூஸ் என்ற பெரிய மான் நடு வீதியில் நிற்கும். தண்டர் பே நகரத்துக்கு மேற்கே போனதும் நேரம் ஒரு மணித்தியாலம் பின்னால் போய்விடும், சித்தி ஃபோன் எடுக்கும்போது அதை நினைவில் வைக்கச் சொல். கறிவேப்பிலைக்கு ரொறன்ரோவை விட மனிடோபாவின் வின்னிபெக் நகரம் கிட்ட. தனிமையும் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். முதல் தைப்பொங்கலுக்கு நான் தனியாகப் பொங்கி, தனியாகச் சாப்பிட்டு, அழுதேன்.

கையெழுத்துப் போட முதல் ஜனவரியில் மூன்று நாள் என்னிடம் வந்து நில். ஜூலையில் வந்து ஏரியைப் பார்த்துவிட்டு முடிவெடுக்காதே. சித்தியையும் கூட்டிக்கொண்டு வா, அறை ஒன்று சும்மாதான் கிடக்கிறது. பனிச் சப்பாத்து வாங்க வேண்டாம், என்னுடைய பழையது உனக்கு அளவாக இருக்கும்.

அன்புடன்,
அக்கா