சமுதாயக் கூடத்திலேயே நாடகம் போடலாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

தமிழ் நவீன நாடகத்துக்குப் பெரிய உந்துதல் தந்த 1977 பயிற்சிப் பட்டறை நடந்தது திண்டுக்கல்லுக்குப் பக்கத்தில், காந்திகிராமத்தில். பேராசிரியர் சே. இராமானுஜம் முன்னின்று நடத்தியது. அப்படிப்பட்ட வட்டாரத்தில் இன்று சிறு குழுக்களுக்கு அரங்கேற்ற இடமில்லை. பெரிய கலையரங்கம் யாரும் கேட்கவில்லை. 60க்கு 40 அடியில் ஒரு சமுதாயக் கூடம் போதும். ஆனால் அதைக் கல்யாணத்தை மட்டுமே மனதில் வைத்துக் கட்டுகிறார்கள்.

முதல் சிக்கல் மின்சாரம். 1000 வாட் விளக்கு ஒன்று நாலரை ஆம்பியர் வரை இழுக்கும். மேடையோரம் இருக்கும் ஒற்றை 16 ஆம்பியர் பிளக்கில் மூன்று விளக்குதான் தாங்கும். நான்காவதைப் போட்டால் நடுக்காட்சியில் டிரிப் ஆகும். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மரும் ஒலிபெருக்கியும் ஒரே ஃபேஸில் இருந்தால் விளக்கை மங்க வைக்கும்போதெல்லாம் ஸ்பீக்கரில் 'ங்ங்' என்று இரைச்சல் வரும். மூன்று ஃபேஸ், ஃபேஸுக்கு 32 ஆம்பியர், ஒலிக்குத் தனி ஃபேஸ் என்று ஒரு பலகை வைத்தால் இரண்டுமே தீரும். மின்சாரம் குறைவாக இழுக்கும் எல்.இ.டி. விளக்கு வந்துவிட்டதே என்பார்கள். வாடகைக்குக் கிடைப்பதில் இன்னும் அதிக மின்சாரம் இழுக்கும் பழைய 'பார்' (PAR) வகை மேடை விளக்குகளும் உண்டு.

அடுத்தது எதிரொலி. டைல்ஸ் தரையும் வெறும் சுவரும் வசனத்தின் கடைசிச் சொல்லை விழுங்கிவிடும். மைக் வைத்தால் இன்னும் மோசம். கனமான கறுப்புத் துணியைச் சுவரிலிருந்து நாலு அங்குலம் தள்ளி, சுவரின் அகலத்தைப்போல் இரு மடங்கு எடுத்து, மடிப்பு மடிப்பாகத் தொங்கவிட வேண்டும். சுவரோடு ஒட்டி இழுத்துக் கட்டினால் பயனில்லை. அவசர வழிக் கதவை மட்டும் துணி மறைக்கவே கூடாது.

நாலடி உயர மேடையை விட்டுவிடலாம். தரையில் 20க்கு 20 அடி ஆடுகளம். மூன்று பக்கமும் முதல் வரிசை ஜமக்காளம், அடுத்து பெஞ்சு, பிறகு நாற்காலி. நூறு பேர் தாராளமாக உட்காரலாம், நடிகர் தரையில் அமர்ந்தாலும் எல்லோருக்கும் தெரியும்.

தலைக்கு 100 ரூபாய் என்றாலும் வசூல் 10,000தான். முகூர்த்த நாள் வாடகை இதற்குக் கட்டாது. முகூர்த்தமில்லாத வார நாட்களில் அரைநாள் வாடகைக்குக் கொடுக்கலாமே. சாவியையும் காலையிலேயே தர வேண்டும். மாலை 4 மணிக்குத் திறந்தால், ஜன்னல்களை அடைத்து, ஏணி போட்டு விளக்குகளைத் திருப்பி முடிப்பதற்குள் பார்வையாளர் வந்துவிடுவார்கள்.

கூரை உத்தரத்திலிருந்து, தரைக்கு மேல் 12 அடி உயரத்தில் ஒன்றரை அங்குல ஜி.ஐ. பைப் மூன்று வரிசை தொங்கவிட்டால் விளக்குக் கொக்கிகள் சரியாக மாட்டும். பொய்க்கூரையில் (ஃபால்ஸ் சீலிங்) மாட்டக் கூடாது, எடை தாங்காது. இனி கட்டப்போகும் கூடங்களுக்கு வரைபடம் போடும்போதே மாநகராட்சிப் பொறியாளர்கள் நாடக ஒளியமைப்பாளர் ஒருவரையும் அழைத்துப் பேசட்டும். பூச்சு முடிந்த பிறகு சுவரை உடைத்து வயர் இழுப்பதுதான் வீண் செலவு.

நாடகக் கலைஞர்கள் சிலர்,
திண்டுக்கல்.