29 வெள்ளி 15 காசு

ஈப்போ,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நேற்று ராத்திரி நீ போனில் சொன்னது மனதிலேயே நிற்கிறதம்மா. பினாங்கு தொழிற்சாலைக்குச் சோல்டர், அதாவது பாகங்களைப் பற்றவைக்க உருக்கும் வெள்ளீயக் கலவை, வாங்கும் பொறுப்பு இனி உன்னுடையது என்றாய். ஒரே வியாபாரி மூன்று வருஷத்துக்கு ஒரே விலையில் தருவதாகச் சொல்கிறாராம், கையெழுத்துப் போடப் போகிறாயாம். "விலைதான் உறுதியாகிவிட்டதே அப்பா, அப்புறம் என்ன பயம்?" என்று கேட்டாய். உடனே பதில் சொல்ல எனக்கு வரவில்லை.

உறுதியான விலையை நான் பார்த்திருக்கிறேன். வெள்ளீயம் கிலோ 29 வெள்ளி 15 காசு, நம் மலேசிய ரிங்கிட்டில். 1985இல் கம்பார் பக்கம் ஓர் ஈயலம்பத்தில், அதாவது ஈயச் சுரங்கத்தில், பம்பு பார்த்துக்கொண்டிருந்தேன். மண்மேட்டில் தண்ணீரைப் பீய்ச்சிக் கரைப்போம். சேறும் மணலும் பம்பு வழியாக மேலேறிப் பாலோங்கில் விழும். சரிவாகக் கட்டிய நீளமான பலகை வாய்க்கால் அது. மணல் தண்ணீரோடு ஓடிவிடும், ஈயமண் குறுக்குக் கட்டைகளில் கறுப்பாகத் தங்கும். ஒரு கை அள்ளினால் மணிக்கட்டு தானாக இறங்கும், அவ்வளவு கனம்.

29.15க்குக் கீழே ஈயம் இறங்காது என்று முதலாளி முதல் கூலி வரை எல்லாரும் நம்பினோம். விலை சரியும்போதெல்லாம் லண்டனிலிருந்த அனைத்துலக ஈய மன்றம் வாங்கிக் குவித்துத் தாங்கிப் பிடித்தது. 22 நாடுகள் அதற்குப் பின்னால் நின்றன. ஆனால் அந்த நல்ல விலையைப் பார்த்து, மன்றத்தில் சேராத பிரேசில் தோண்டித் தள்ளியது. டப்பா செய்கிறவர்கள் அலுமினியத்துக்கு மாறினார்கள். மன்றமோ கடன் வாங்கியாவது ஈயத்தை வாங்கிக்கொண்டே இருந்தது. அக்டோபர் 24 அன்று கையில் காசில்லை என்று கைவிரித்தது. லண்டன் சந்தையில் ஈய வியாபாரம் அன்றே நின்றது, திரும்பத் தொடங்க 1989 ஆயிற்று. கோலாலம்பூர் சந்தை 1986இல் மீண்டும் திறந்தபோது விலை 20 வெள்ளிக்கும் கீழே. கடன் கொடுத்தவர்கள் வழக்குப் போட்டார்கள். அது மன்றத்தின் கடன், எங்களுடையதல்ல என்று அரசாங்கங்கள் சொல்லின. கோர்ட்டிலும் அந்த வாதமே ஜெயித்தது.

எங்கள் லம்பத்தில் கடைசியாகப் பம்பை நிறுத்தியது நான்தான். இரவு பகலாக ஓடிய சத்தம் நின்றதும் சமையல்கட்டிலிருந்து ஆட்கள் வெளியே வந்து பார்த்தார்கள். சாயங்காலத்துக்குள் குழியில் ஊற்றுநீர் முழங்கால் அளவு ஏறிவிட்டது. இரண்டு மாதச் சம்பளம் எங்களுக்கு வரவே இல்லை.

அதனால் சொல்கிறேன். அந்த வியாபாரியிடம் விலையைப் பேசுமுன் ஈயம் எந்த ஊரிலிருந்து வருகிறது என்று கேள். மியன்மாரின் வா பகுதியை ஆள்வது ஓர் ஆயுதப்படை. 2023 ஆகஸ்டு 1 முதல் தோண்டக்கூடாது என்று அவர்கள் ஒரு வார்த்தை சொன்னதும் ஈயச் சுரங்கம் நின்றது, சீனத்து யூனானில் ஈயம் உருக்கும் உலைகளுக்குப் போகும் மண் குறைந்தது. 2024 ஜனவரியில் இந்தோனேசியாவில் அனுமதிச் சீட்டு தாமதமானதால் ஏற்றுமதி கிட்டத்தட்ட நின்றே போனது. 2025 மார்ச்சில் காங்கோவின் பீசி ஈயச் சுரங்கத்தை நெருங்கி எம்23 என்ற கிளர்ச்சிப் படை வந்தது, வேலையை நிறுத்தி ஆட்களை வெளியேற்றினார்கள். உலக ஈயத்தில் ஏறக்குறைய 6 விழுக்காடு அந்த ஒரே இடத்திலிருந்து வருகிறதம்மா. 2022 மார்ச்சில் டன் 50,000 டாலரைத் தொட்ட விலை, நவம்பருக்குள் 20,000க்கும் கீழே போனது. இப்படி ஆடுகிற சரக்குக்கு மூன்று வருஷம் ஒரே விலை என்று ஒருவர் எப்படி வாக்குக் கொடுப்பார்? ஏறினால் அவர் சரக்கு அனுப்பமாட்டார். இறங்கினால் உன் கம்பெனி மாட்டிக்கொள்ளும்.

இரண்டு வெவ்வேறு நாட்டு உலைகளிலிருந்து வாங்கு. விலை மாதாமாதம் சந்தையோடு போகட்டும். மூன்று மாதச் சரக்கு கையில் இருக்கட்டும். மேனேஜர் கோபித்தால் கோபிக்கட்டும்.

அம்மா ரசப்பொடியும் பாட்டியின் ஈயச்சொம்பும் பார்சல் கட்டியிருக்கிறாள். சொம்பை வெறுமனே அடுப்பில் வைத்துவிடாதே. புளித்தண்ணீரை ஊற்றிய பிறகு அடுப்பைப் பற்றவை. 232 டிகிரியில் உருகிவிடும்.

அன்புடன்,
அப்பா