சர்ச்கேட்டில் கைகொடுத்த அக்காவுக்கு

ஆபீஸ் வேலையாக மும்பை வந்திருந்தேன். சாயங்காலம் மரைன் டிரைவில் தனியாக நடந்துவிட்டு, அந்தேரியில் எடுத்திருந்த ரூமுக்குத் திரும்ப சர்ச்கேட் ஸ்டேஷனுக்கு வந்தால், சொல்லவா வேண்டும், அப்படியொரு கூட்டம்!

விரார் வரை போகும் ஃபாஸ்ட் லோக்கல் ரயில் நின்றுகொண்டிருந்தது. அந்தேரியிலும் நிற்கும் வண்டிதான். பெண்கள் பெட்டியில் ஏறப்போன என் தோளைத் தொட்டு நிறுத்தினீர்கள். "இந்தக் கூட்டத்தில் அந்தேரியில் இறங்கவே முடியாதும்மா. அடுத்து போரிவலி வண்டி, என்னோடு வா" என்று இந்தியில் நிதானமாகச் சொன்னீர்கள். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்திக்கு அந்த நிதானம்தான் பெரிய உதவி.

நெருக்கி உட்கார்ந்து இடம் கொடுத்தீர்கள். மடியில் பையை விரித்து வெந்தயக் கீரை ஆய்ந்தபடியே பாடம் நடத்தினீர்கள். தாதரில் வாசல் பக்கம் நிற்கவே கூடாது, ஏறுகிற கூட்டம் இடித்துத் தள்ளிவிடும். பாந்த்ரா தாண்டியதும் எழுந்து, முன்னால் நிற்பவரிடம் "அந்தேரியா?" என்று கேட்டு அவர் பின்னால் நின்றுகொள்ள வேண்டும். எந்த ஆப்பும் இதைச் சொல்லித் தராது.

நான் இறங்கும்போது ஜன்னல் வழியாக மேம்பாலம் இருக்கும் பக்கத்தைக் கைகாட்டினீர்களே, அதையும் மறக்கமாட்டேன்.

மறுநாளே லோக்கலில் தனியாகப் போய், 1888-இல் கட்டி முடித்த சிஎஸ்எம்டி (சத்ரபதி சிவாஜி மகராஜ் டெர்மினஸ்) ரயில் நிலையத்தை ஆசைதீரப் பார்த்தேன். அந்தத் தைரியம் நீங்கள் கொடுத்தது. மனசார நன்றி அக்கா.