ஏலக்காரன் தொண்டையையும் சோதியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஏப்ரல் 16 உலகக் குரல் தினத்தை ஒட்டி வந்த கட்டுரையில் பாடகர்களையும் ஆசிரியர்களையும் பற்றி விரிவாக எழுதியிருந்தீர்கள். கத்திப் பிழைக்கிற எங்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நான் தூத்துக்குடியில் மீன் ஏலம் கூறுகிறவன். படகு கரைக்கு வந்ததும் சீலாவையும் விளமீனையும் கொட்டி, எஞ்சின் சத்தத்துக்கு மேலே விலையை ஏற்றிக் கூவ வேண்டும். மைக் வைத்தும் பார்த்தோம். ஏலம் சூடு பிடிக்கவில்லை என்று வியாபாரிகளே எடுக்கச் சொல்லிவிட்டார்கள்.

போன வருஷம் தொண்டை கம்மியது, வாரக்கணக்கில் தேறவில்லை. ஆளாளுக்குப் பனங்கற்கண்டு, மிளகுப்பால் என்றார்கள். குடிக்க இதமாகத்தான் இருந்தது. ஆனால் குரல் நாண்கள் இருப்பது மூச்சுக்குழாயின் வாசலில். குடிக்கிற பால் அவற்றின் மேல் படுவதே இல்லை. பட்டால் புரைதான் ஏறும்!

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி தருகிற அம்மா, மூச்சை நன்றாக இழுத்து 'ஆ' என்று முடிந்தவரை நீட்டச் சொல்லி வாட்சைப் பார்த்தார். தொண்டை நன்றாக உள்ள ஆண் 15 விநாடிக்கு மேல் தாராளமாக நீட்டுவாராம். எனக்கு 8-லேயே நின்றுவிட்டது. அடுத்து 'ஸ்ஸ்' என்று வெறும் காற்றாக ஒரு தடவை, அதையே வண்டு ரீங்காரமிடுவதுபோலக் குரல் கொடுத்து ஒரு தடவை. முதலாவதுக்கு நாண் அதிர வேண்டியதில்லை, அது நீண்டது. இரண்டாவது பாதியிலேயே அறுந்தது. நுரையீரலில் காற்றுக்குக் குறைவில்லை, நாண்கள் சரியாக மூடாமல் இடுக்கில் காற்று ஒழுகுகிறது என்றார். பிறகு 30 கேள்விகள் கொண்ட தாள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். குரலால் வருமானம் குறைந்ததா என்று ஒரு கேள்வி. முழு 4 போட்டேன்.

கடைசியில்தான் கேமரா. ஆண்கள் பேசும்போது நாண்கள் விநாடிக்கு 100 தடவைக்கு மேல் மோதுகின்றன, கண்ணுக்குப் பிடிபடாது. அந்த வேகத்துக்குச் சற்றே பிசகாக விளக்கை மின்னவிட்டால், டிவியில் நிதானமாக அசைவதுபோலத் தெரிகிறது. என்னுடைய ஒரு நாணின் ஓரத்தில் சதை வளர்ந்திருந்தது. கத்திக் கத்தி வந்ததாம். ஆபரேஷன் ஆகி இப்போது பரவாயில்லை.

கேமராவை மீன்பிடித் துறைமுகத்துக்குக் கொண்டுவரச் சொல்லவில்லை. எங்கள் பகுதி மருத்துவ முகாம்களில் சர்க்கரை, பிரஷர் பார்க்கிறார்கள். அந்த வரிசையில் ஒரு வாட்சும் அந்தக் கேள்வித்தாளும் போதும். நான்கு வாரத்துக்கு மேல் குரல் கம்மியிருந்தால் உள்ளே பார்த்துவிட வேண்டும் என்கிறார்கள். பீடி பிடிக்கிறவர்களுக்கு அது புற்றுநோயாகவும் இருக்கலாம். எங்கள் கரையில் பீடி பிடிக்காதவர்கள் குறைவு. மீன்வளத் துறையும் சுகாதாரத் துறையும் அடுத்த முகாமிலேயே இதைச் சேர்க்க வேண்டும்.

இப்படிக்கு,
மீன் ஏலம் கூறும் ஒரு வாசகர்,
தூத்துக்குடி.